ரோட்டுல 3.2 கிலோமீட்டர், ஏரிக்கு மேல நேரா போனா எவ்வளவு? நிலம் வித்தா வரி வருமா?

மேட்டுக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா காலத்து நிலம், 1 ஏக்கர் 60 சென்ட். போர் 900 அடி போட்டும் கால் மணி நேரத்துக்கு மேல தண்ணி நிக்கல. சொசைட்டியில வீட்டுக்காரி நகை மூணாவது வருஷமா கிடக்கு. வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறது, மறுபடி வட்டி கட்டுறது, இதே பொழப்பா போச்சு.

ஒரு புரோக்கர் சென்ட் 28,000-க்குப் பார்ட்டி கூட்டிட்டு வந்திருக்கார். மொத்தம் 44.80 லட்சம். கைடுலைன், அதாவது அரசாங்கம் வச்ச மதிப்பு, சென்ட் 10,000 தான், அதனால பத்திரத்துல 16 லட்சம் போட்டுக்கலாம், மிச்சத்தை ரொக்கமா கையில தர்றோம்ங்கிறார். "விவசாய நிலத்துக்கு வரியே கிடையாது, அப்புறம் என்னண்ணே யோசனை"ன்னு தினம் ரெண்டு போன். பக்கத்து நகராட்சி எங்க ஊருக்கு ரோட்டுல 3.2 கிலோமீட்டர். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
ஆடிட்டர் ஆபீஸ்ல இருபது வருஷமா வேலை பார்க்கிறேன். புரோக்கர் சொல்றது பாதி சரி. கிராமப்புற விவசாய நிலம் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தே இல்லை, அதனால வித்த லாபத்துக்கு வரி கிடையாது. ஆனா எது கிராமப்புறம்ங்கிறதுக்கு அளவுகோல் இருக்கு. நகராட்சியோட மக்கள்தொகை 10,000-க்கு மேல ஒரு லட்சம் வரைக்கும்னா எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரைக்கும்னா 6, அதுக்கும் மேலன்னா 8. இந்த தூரத்துக்குள்ள இருந்தா நகர்ப்புற நிலம், வரி உண்டு.

ரோட்டு தூரம் செல்லாது அண்ணா. 2013 பட்ஜெட்டுக்கு அப்புறம் காக்கா பறக்கிற தூரம்தான். அதுவும் பஸ் ஸ்டாண்டிலிருந்து இல்ல, நகராட்சி எல்லையிலிருந்து. உங்க ரோடு நேரா போகுதா, எதையாவது சுத்திப் போகுதா?

மேட்டுக்காட்டான்:
ஏரிக்கரையைச் சுத்தித்தான் சார் போகுது. நகராட்சியில 2011 கணக்குப்படி எழுபதாயிரம் சொச்சம் பேர்.

கணக்குப்பிள்ளை:
அப்போ உங்களுக்கு 2 கிலோமீட்டர்தான் கோடு. அளந்து பாருங்க, தாசில்தார் ஆபீஸ்ல தூரத்துக்கு எழுத்துல ஒரு சான்று கேளுங்க. சும்மா வாய்ச்சொல் வேண்டாம்.

இப்போ அந்த 16 லட்சக் கதைக்கு வர்றேன். நிலம் கோட்டுக்கு வெளிய இருந்தா 44.80 லட்சத்தை முழுசா பத்திரத்துல காட்டினாலும் உங்களுக்கு ஒரு பைசா வரி இல்ல. பின்ன குறைச்சுக் காட்டுறது யாருக்காக? மறைக்கிற 28.80 லட்சத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2,59,200 ரூபாய் வாங்குறவருக்கு மிச்சம். ஆனா அசையாச் சொத்துக்கு 20,000-மோ அதுக்கு மேலயோ ரொக்கமா முன்பணம் வாங்கினா, வாங்கின தொகைக்குச் சமமா அபராதம் போட வழியிருக்கு. அதுவும் கை நீட்டி வாங்கினவருக்குத்தான். அவருக்கு மிச்சம், உங்களுக்கு வில்லங்கம். நாளைக்கு அந்தப் பணத்துல வேற நிலம் வாங்கப் போனாலும் "எங்கிருந்து வந்தது"ன்னு கேட்டா காட்ட உங்ககிட்ட 16 லட்சத்துக்குத்தான் பத்திரம் இருக்கும்.

கோட்டுக்கு உள்ள இருந்தா: பூர்வீக நிலம்ங்கிறதால 1.4.2001 மதிப்பை அசல் விலையா எடுத்துக்கலாம், அன்னைய கைடுலைனுக்கு மேல போகாம. சென்ட் 1,000-ன்னு வைங்க, 1.60 லட்சம். லாபம் 43.20 லட்சம், 12.5 சதவீதம்னா 5.40 லட்சம், செஸ் தனி. 2024 ஜூலை 23-க்கு முன்னாடி கைக்கு வந்த நிலம்னா பணவீக்கம் கழிச்சு 20 சதவீதமும் போட்டுப் பார்க்கலாம். உங்க கணக்குல 12.5 தான் குறைவா வரும். ரெண்டு வருஷத்துக்குள்ள வேற விவசாய நிலம் வாங்கினா, அதுக்குப் போட்ட அளவுக்கு வரி விலக்கு உண்டு. பழைய 1961 சட்டத்துல அது 54பி. 2026 ஏப்ரல்லேர்ந்து புதுச் சட்டம்ங்கிறதால நம்பர் மாறியிருக்கும்.

தென்னந்தோப்பு:
54பி-ன்னு சொன்னதும் வயிறு எரியுது. விக்கிறதுக்கு முந்தின ரெண்டு வருஷம் நிலத்துல விவசாயம் நடந்திருக்கணும். நான் ரெண்டு வருஷமும் கடலை போட்டேன். என்ன பயிர்னு வி.ஏ.ஓ எழுதி வைக்கிற அடங்கல்ல என்ன இருந்தது தெரியுமா? "தரிசு". எழுத வேண்டியவர் காட்டுப் பக்கமே வரல. நோட்டீஸ் வந்தப்புறம் பயிர்க்கடன் ரசீது, விதைக்கடலை பில், மண்டி சீட்டு எல்லாத்தையும் சாக்குப் பையில போட்டுத் தூக்கிட்டு அலைஞ்சேன். மண்டி சீட்டுல பாதி கரையான் தின்னது. முடிய பதினாலு மாசம். மேட்டுக்காட்டான் அண்ணே, உங்க அடங்கல் என்ன சொல்லுது?

மேட்டுக்காட்டான்:
பசலி 1434-க்கு, அதாவது 2024-25 வருவாய் வருஷத்துக்கு, வாங்கிப் பார்த்தேன் தம்பி. தரிசுதான். அது பொய்யும் இல்ல, தண்ணி இல்லாததால சும்மா போட்டுட்டேன். ஓரமா மாட்டுக்கு மட்டும் சோளத்தட்டு விதைச்சிருந்தேன்.

தென்னந்தோப்பு:
தீவனச் சோளமும் பயிர்தான் அண்ணே! வி.ஏ.ஓ-வை நேர்ல கூட்டிட்டுப் போய் காட்டி இந்தப் பசலிக்காவது ஏத்துங்க. அப்புறம், கூடப்பிறந்த அக்கா தங்கச்சி இருக்காங்களா? அப்பா உயில் எழுதாம போயிருந்தா அவங்களுக்கும் சம பங்கு. கையெழுத்து இல்லாம கிரயம் பண்ணினா பின்னாடி கோர்ட்டுதான்.

மேட்டுக்காட்டான்:
ஒரு தங்கச்சி. நேத்தே பேசிட்டேன், "நீ சொன்னா போடுறேண்ணா"ன்னு சொல்லுச்சு. அது பங்குப் பணம் அது அக்கவுண்டுக்கே போகட்டும்னு சொல்லிட்டேன்.

இன்னைக்குச் சாயங்காலம் பையன் போன் மேப்புல கோடு இழுத்தான். நகராட்சி எல்லைக் கல்லுலேர்ந்து ஏரிக்கு நடுவுல போய் எங்க கிணத்துமேடு வரைக்கும் 1.9. நிலத்தோட கடைசி வரப்புக்கு இழுத்தாலும் 2 வரல, அப்போ கோட்டுக்கு உள்ளதான். ஏரி மட்டும் இல்லேன்னா ரோடும் நேராத்தான் வந்திருக்கும். திங்கக்கிழமை தாசில்தார் ஆபீஸ் போறேன்.

புரோக்கர்கிட்ட முழுத் தொகையும் பேங்க் வழியாத்தான், பத்திரத்துலயும் அதேதான்னு சொல்லிட்டேன். "பார்ட்டிகிட்ட கேட்டுச் சொல்றேண்ணே"ன்னார். அதுலேர்ந்து மூணு நாளா போன் இல்ல.

கணக்குப்பிள்ளை:
வரட்டும், வராம போகட்டும். முன்பணம் ஏதும் கையில வாங்கலையே?

மேட்டுக்காட்டான்:
ஐயாயிரம் டோக்கன்னு நீட்டினார் சார். வாங்கல. காப்பி மட்டும் குடிச்சேன்.