காப்பர் பம்ப் இல்லாத ஈ.கோலை மயில்துத்தத்துக்கு அசையவே மாட்டேங்குது, உதவி தேவை

தட்டு_நிறையல:
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி கடைசி செமஸ்டர். ஈ.கோலை தன் செல்லுக்குள்ள செம்பு எகிறாம எப்படிப் பார்த்துக்குதுங்கிறதுதான் ப்ராஜெக்ட். ரெண்டு ஸ்ட்ரெயின் இருக்கு. ஒண்ணு, ஒவ்வொரு ஜீனா எடுத்த ஈ.கோலைத் தொகுப்பான கெய்யோ கலெக்‌ஷனோட தாய் ஸ்ட்ரெயின் பிடபிள்யூ25113. இன்னொண்ணு அதுலயே காப்-ஏ ஜீனை எடுத்த மியூட்டன்ட். செம்பை வெளியே இறைக்கிற பம்ப் காப்-ஏதான், அது போயிட்டா செல் தாங்காதுன்னுதான் படிச்சிருக்கேன்.

எல்பி பிராத்துல (பாக்டீரியா வளர்க்கற சத்துக் குழம்பு) காப்பர் சல்பேட், அதாவது மயில்துத்தம், 0.1, 0.25, 0.5 மில்லிமோலார் போட்டு, 37 டிகிரியில 200 ஆர்பிஎம் ஷேக்கர்ல வச்சேன். ஓடி (வளர்ச்சியைக் காட்டற கலங்கல் அளவு) பார்த்தா ரெண்டுக்கும் ஒரே கோடு. மூணு தடவை பண்ணியாச்சு. கைடு "ஸ்ட்ரெயின் மாறிப்போயிருக்கும்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். பத்து நாள்ல ரிவ்யூ. எங்க கோட்டை விட்டேன்?

பழைய_பிப்பெட்:
கைடு சொல்றதையும் தள்ளிட முடியாது தம்பி. ஜீனுக்கு வெளியே ரெண்டு பக்கமும் பிரைமர் வச்சு ஒரு பிசிஆர் போட்டு, ஜீன் நிஜமாவே போயிருக்கான்னு பார்த்துடு. எடுத்த ஜீன் இடத்துல கனாமைசின் எதிர்ப்பு ஜீனை வச்சிருப்பாங்க, ஆனா கனாமைசின்ல வளருதுங்கிறது மட்டும் போதாது. அந்தக் கலெக்‌ஷன்ல சில ஸ்ட்ரெயின்ல ஜீன் இன்னொரு பிரதியா ஒளிஞ்சிருக்கறது பிறகு தெரியவந்திருக்கு.

அப்புறம் பாட்டில் லேபிளைப் பாரு. நீல உப்புன்னா அது அஞ்சு தண்ணி சேர்ந்தது, மூலக்கூறு எடை 249.7. தண்ணியில்லாத வெள்ளை உப்போட 159.6ஐ வச்சுக் கணக்குப் போட்டிருந்தா, 1 மோலார்னு நீ நினைக்கிறது நிஜத்துல 0.64தான்.

தட்டு_நிறையல:
249.7 வச்சுத்தான் போட்டேன் அண்ணா. பிசிஆர் நாளைக்குப் போடறேன்.

செம்பருத்தி:
பிசிஆர் சரியா வரும்னுதான் எனக்குப் படுது. தப்பு எல்பியில இருக்கு.

எல்பியில என்ன இருக்கு? ட்ரிப்டோன், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட். அதாவது பெப்டைடும் அமினோ அமிலமும் கொழகொழன்னு. இதெல்லாம் செம்பைக் கவ்விப் பிடிச்சுக்கும். நீங்க 0.5 மில்லிமோலார் ஊத்தினாலும் பாக்டீரியா கண்ணுல படற செம்பு அதுல ஒரு துளிதான். பம்புக்கு வேலையே வரலன்னா பம்ப் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எல்பியிலயே வித்தியாசம் பார்க்கணும்னா 1, 2, 3 மில்லிமோலார்னு ஏறிப் போகணும். ஆனா அதைவிட மினிமல் மீடியத்துக்கு (உப்பும் சர்க்கரையும் மட்டும், அமினோ அமிலம் இல்லாதது) மாறுங்க. அங்க கணக்கு மைக்ரோமோலாருக்கு இறங்கிடும்.

இதுக்கு ரெண்டாவது காரணமும் இருக்கு, ரிவ்யூவுல அதுதான் கைகொடுக்கும். செம்பு உள்ளே போனா ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கி டிஎன்ஏவைக் கிழிக்கும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. 2009ல மெக்கோம்பரும் இம்லேயும் வேற இடத்தைக் காட்டினாங்க: சில என்சைம்கள்ல வெளியே தெரியற மாதிரி இருக்கற இரும்பு-கந்தகக் கொத்து. செம்பு அந்தக் கந்தகத்தைப் பிடிச்சு இரும்பை உதிர்த்துடுது. அடி வாங்கறதுல முக்கியமானது லூசின் தயாரிக்கிற பாதையில இருக்கற ஐசோப்ரோப்பைல்மாலேட் டீஹைட்ரட்டேஸ். அது படுத்துட்டா செல்லால லூசின் செய்ய முடியாது. எல்பியிலதான் லூசின் சும்மா கிடைக்குதே! ஒரே மீடியம் செம்பையும் மறைக்குது, அடிபட்ட இடத்துக்கு ஒத்தடமும் கொடுக்குது.

தட்டு_நிறையல:
அக்கா, இது எனக்குத் தோணவே இல்ல. பிசிஆரும் நீங்க சொன்ன மாதிரியே சரியா வந்துடுச்சு, காப்-ஏ இல்ல.

ஆனா ஒரு கூத்து. நேத்து ராத்திரி எல்பியில 1 மில்லிமோலார் வரைக்கும் ஏத்தி வச்சிருந்தேன். கரண்ட் போய் ஷேக்கர் நின்னுடுச்சு. காலையில பார்த்தா மியூட்டன்ட் டியூப் மட்டும் தெளிஞ்ச தண்ணி மாதிரி. தாய் ஸ்ட்ரெயின்கூடக் கொஞ்சம் மங்கல்தான். இதைக் குப்பையில போடறதா, எழுதி வைக்கறதா?

செம்பருத்தி:
நோட்டுல எழுதுங்க, தேதியோட!

ஷேக்கர் நின்னா ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைஞ்சா செம்பு ஒற்றை மின்னேற்ற வடிவத்துலயே தங்கிடும், உள்ளே நுழையறதும் கெடுக்கறதும் அந்த வடிவம்தான். காப்-ஏ உள்சவ்வுல உட்கார்ந்து ஏடிபி செலவழிச்சு அதைப் பெரிப்ளாசத்துக்கு (உள்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவுல இருக்கற இடம்) தள்ளும். அங்கே க்யூ-ஓன்னு ஒரு ஆக்சிடேஸ் அதை ஆபத்துக் குறைஞ்ச இரட்டை மின்னேற்ற வடிவமா மாத்தும். மாத்தறதுக்கு அதுக்கு ஆக்சிஜன் வேணும். காத்து நின்னா அதுவும் கையைக் கட்டிக்கும். அப்போ கடைசிக் காவல் கஸ் அமைப்பு: உள்சவ்வுல இருந்து வெளிச்சவ்வு வரைக்கும் நீளற ஒரே குழாய், மூணு கஸ்-ஏ, ஆறு கஸ்-பி, மூணு கஸ்-சி சேர்ந்தது. அது முக்கியமா பெரிப்ளாசத்தைச் சுத்தம் பண்றதுக்கு. உங்க மியூட்டன்ட்ல சைட்டோபிளாசத்துலேர்ந்து (உள்சவ்வுக்கு உள்ளே இருக்கற பகுதி) இறைக்க ஆளில்லை, பெரிப்ளாசத்துல மாத்தவும் ஆளில்லை.

நின்ன டியூபையும் ஆடற டியூபையும் ஒரே கிராஃப்ல கலந்துடாதீங்க, அவ்வளவுதான்.

வயக்காடு_பையன்:
நடுவுல புகுந்துக்கறேன், மன்னிக்கணும். வீட்ல அம்மா செம்புக் குடத்துலதான் தண்ணி வைப்பாங்க. மில்லிமோலார் போட்டே சாகாத பூச்சி குடத்துல எப்படி சாகும்? பொய்யா அதெல்லாம்?

பழைய_பிப்பெட்:
பொய் இல்லப்பா. குடத்துத் தண்ணியில ட்ரிப்டோன் இருக்கா? கவ்விப் பிடிக்க ஒண்ணும் இல்லாததால கரையற கொஞ்சமும் நேரா கிருமி மேலதான் போகும். பெங்களூர்ல செம்புக் குடத்துல 16 மணி நேரம் வச்ச தண்ணியில ஈ.கோலை, வயித்துக்கடுப்புக் கிருமி எல்லாம் வளர்க்க முடியாத நிலைக்குப் போச்சுன்னு 2012ல ஆய்வு வந்தது. கரைஞ்ச செம்பு உலக சுகாதார நிறுவனம் சொல்ற லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரம்புக்கு ரொம்பக் கீழ. அந்த வரம்பே கணக்குப் பார்த்தா 31 மைக்ரோமோலார்தான். (புளி போட்டுத் தேய்ச்சுட்டு நல்லா அலசச் சொல்லு. மோரையும் ரசத்தையும் அதுல ஊத்தி வைக்கக் கூடாது.)

வயக்காடு_பையன்:
சூப்பர். நாங்க தக்காளிக்கு காப்பர் ஆக்சிகுளோரைடு அடிப்போம், சில வருஷம் கேக்கவே கேக்காது. அதுவும் இதே கதையா?

செம்பருத்தி:
பாதி. தக்காளியில புள்ளிநோய் தர்ற சூடோமோனாஸ் சிரிஞ்சேல சில ஸ்ட்ரெயின் பிளாஸ்மிட்ல செம்பு எதிர்ப்பு ஜீன் வச்சிருக்கு. அது இறைச்சுக் கொட்டறதோட நிக்காம பெரிப்ளாசத்துலயே புரதத்தால கட்டிப் போட்டுடும். செம்பு நிறைய இருக்கற தட்டுல அந்தக் காலனி நீலமாவே தெரியும்! உங்க வயல்ல இருக்கறது அதுதானான்னு தட்டுல வளர்த்துப் பார்த்தாதான் தெரியும்.

தட்டு_நிறையல:
நான் திரும்ப வந்துட்டேன். எம்9னு ஒரு மினிமல் மீடியம் பண்ணி காப்பர் ஊத்தினா வெளிர்நீலமா கலங்கிப் படியுது. ரிவ்யூவுல இன்னொண்ணும் கேப்பாங்க: செம்பு ஏறிடுச்சுன்னு செல்லுக்கு எப்படித் தெரியும்?

பழைய_பிப்பெட்:
கலங்கறது காப்பர் பாஸ்பேட். கெட்டியான எம்9 உப்புல ஸ்டாக்கை நேரா ஊத்தாதே. மீடியத்தை முழுசா நீர்த்து வச்சுட்டு, ஃபில்டர் பண்ண நீர்த்த காப்பரைக் கடைசியில சொட்டுச் சொட்டா விடு. அப்பவும் கலங்கினா மாப்ஸ் பஃபர் மீடியத்துக்குப் போ, அதுல பாஸ்பேட் கம்மி. டிரிஸ் பக்கம் போகாதே, அதுவே செம்பைப் பிடிச்சுக்கும். கண்ணாடிச் சாமானை நீர்த்த நைட்ரிக் அமிலத்துல ஊறவச்சு நல்ல தண்ணியில அலசு.

செம்பருத்தி:
உணர்றது க்யூ-ஆர்னு ஒரு புரதம் (டீக்கடையில ஸ்கேன் பண்றது இல்ல). டிஎன்ஏ மேல எப்பவும் உட்கார்ந்திருக்கும். ரெண்டு சிஸ்டீனோட கந்தகத்துக்கு நடுவுல ஒரே ஒரு செம்பு அயனி நேர்கோட்டுல மாட்டினதும் டிஎன்ஏவை முறுக்கும். காப்-ஏ, க்யூ-ஓ ரெண்டு ஜீனோட ப்ரமோட்டர்லயும் (ஜீனைப் படிக்கிற பாலிமரேஸ் வந்து பிடிக்கற இடம்) மைனஸ் 35, மைனஸ் 10ங்கிற ரெண்டு பிடிகளுக்கு நடுவுல இடைவெளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட. அந்த முறுக்கு விழுந்தாதான் பாலிமரேஸுக்கு ரெண்டும் கைக்கு எட்டும். வெள்ளி, தங்கத்தோட ஒற்றை மின்னேற்ற அயனிக்கும் இது எழுந்துக்கும், துத்தநாகத்துக்கு எழாது.

2003ல அதோட நுட்பத்தை அளந்தாங்க: பத்தின் மைனஸ் 21ஆம் அடுக்கு மோலார். ஈ.கோலையோட கொள்ளளவு சுமார் ஒரு ஃபெம்டோலிட்டர். அதுல ஒரே ஒரு அணு தனியா மிதந்தாலே 1.7 நானோமோலார் ஆகிடும். அதைவிட லட்சம் கோடி பங்கு குறைச்சலான அளவுக்கே மணி அடிக்குதுன்னா, சைட்டோபிளாசத்துல செம்பு ஒண்ணுகூடத் தனியா திரிய விடறதில்லைன்னு அர்த்தம். திரிய வேண்டிய அவசியமும் இல்ல. ஈ.கோலைக்குச் செம்பு வேண்டிய சைட்டோக்ரோம் ஆக்சிடேஸும் சூப்பராக்சைடு டிஸ்ம்யூட்டேஸும் உள்சவ்வுலயும் பெரிப்ளாசத்துலயும்தான் இருக்கு.

கடைசி சோதனைக்கு ஒரு யோசனை. மினிமல்ல லூசின், ஐசோலூசின், வேலின் மூணும் சேர்த்து ஒரு டியூப். அமினோ அமிலம் செம்பைப் பிடிச்சதாலதான் பிழைச்சுதுன்னு யாராவது மடக்குவாங்க, அதுக்கு அதே அளவு அலனின் போட்ட டியூப் ஒண்ணு. வேலினை மட்டும் தனியா போட்டுடாதீங்க. உங்க ஸ்ட்ரெயின் சேர்ந்த கே-12 வம்சம் ஐசோலூசின் இல்லாம வேலின் பார்த்தாலே நின்னுடும், செம்பு மேல வீண்பழி விழும்.

தட்டு_நிறையல:
அஞ்சு நாள் கழிச்சு. மாப்ஸ் மீடியம், 20 மைக்ரோமோலார் காப்பர். தாய் ஸ்ட்ரெயின் கொஞ்சம் தாமதமா வளர்ந்துடுச்சு. மியூட்டன்ட் பூஜ்யம். அலனின் டியூபும் பூஜ்யம். லூசின்-ஐசோலூசின்-வேலின் டியூப் மெதுவா எழுந்து மதியத்துக்குள்ள கலங்கிடுச்சு. கைடு டியூபைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தார், "ரிப்பீட் பண்ணு"ன்னார்.

பழைய_பிப்பெட்:
அவர் வாயில அதுதான் பாராட்டு. மூணு ரெப்ளிகேட் போடு, யூபிஎஸ் இருக்கற ஷேக்கர்ல.