மட்டில்டா அரசியின் உயரம் நான்கடி இரண்டு அங்குலமா? எலும்பை நம்புவதா, ஏட்டை நம்புவதா?

பழையகோட்டை:
ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக்காக இங்கிலாந்து அரச குடும்பங்களைப் பற்றி ஒரு படத்தொகுப்பு தயாரிக்கிறாள். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியமையும் அவர் மனைவி ஃபிளாண்டர்ஸ் மட்டில்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருக்கிறாள். வில்லியம் 178 செ.மீ., மட்டில்டா 127 செ.மீ. அரசியின் தலை அரசரின் மார்புக்குக்கூட எட்டவில்லை. இந்த 127ஐ நானும் பல இடங்களில் படித்திருப்பதால் அவளைத் திருத்தவில்லை. கல்லறையைத் திறந்து எலும்பை அளந்து கண்ட கணக்கு என்கிறார்கள். அளந்த பிறகு வாதத்துக்கு என்ன இடம் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தடயம்:
ஐயா, அந்தப் படத்தைத் தயவுசெய்து திருத்தச் சொல்லுங்கள். நான் தடய மருத்துவம் படிக்கிறேன். எலும்பை வைத்து உயரம் கணிப்பது எங்கள் பாடம். அதனாலேயே இந்த 127 என்ற எண்ணைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நடந்தது இதுதான். மட்டில்டா 1083இல் இறந்தார். நார்மண்டியின் கான் நகரில் அவரே நிறுவிய கன்னியர் மடத்தில் அடக்கம் செய்தார்கள். 1562இல் மதக் கலவரத்தில் கல்லறையை உடைத்தார்கள். 1959இல் திறந்து ஆராய்ந்தபோது இருந்தது முழு எலும்புக்கூடு அல்ல. ஆனால் தொடையெலும்பும் முழங்காலுக்குக் கீழே உள்ள காலெலும்பும் இருந்தன. அவற்றை அளந்து கணக்கிட்டதில் கிடைத்த உயரம் சுமார் 152 செ.மீ., அதாவது ஐந்தடி. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அது சாதாரண உயரம். இந்த முடிவு வெளியே பரவும்போதுதான் எப்படியோ நான்கடி இரண்டு அங்குலமாகத் திரிந்தது. பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். டிராட்டர், கிளெசர் என்ற ஆய்வாளர்கள் 1952இல் வெளியிட்ட சூத்திரப்படி, ஒரு பெண்ணின் தொடையெலும்பின் நீளத்தை 2.47ஆல் பெருக்கி 54.10ஐக் கூட்டினால் செ.மீ. கணக்கில் உயரம் வரும். இதைப் பின்னோக்கிப் போடுங்கள். 152 செ.மீ. பெண்ணுக்குத் தொடையெலும்பு ஏறத்தாழ 39.6 செ.மீ. 127 செ.மீ. பெண்ணுக்கு 29.5 செ.மீ. உங்கள் மகளின் ஜியாமெட்ரி பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே 30 செ.மீ. ஸ்கேல், அதைவிடக் குட்டையான தொடையெலும்பு! அந்த உடம்போடு ஒன்பது பிள்ளைகளைப் பெற்றாரா? அந்த நூற்றாண்டில், அறுவை சிகிச்சை இல்லாமல்? மகப்பேறு மருத்துவர்களே எழுப்பிய கேள்வி இது.

ஏட்டுச்சுவடி:
தங்கையின் பதில் நன்று. மட்டில்டா விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். எலும்பு சொன்னால் தீர்ப்பு, ஏடு சொன்னால் கட்டுக்கதை என்ற மனப்போக்கு உங்கள் எழுத்தில் தெரிகிறது. அதை நான் ஏற்க மாட்டேன்.

முதலில் அந்தச் சூத்திரம். ஆண்களுக்கான கணக்கை அவர்கள் எடுத்தது இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களிடமிருந்து. பெண்களுக்கானதும் அமெரிக்க எலும்புத் தொகுப்பிலிருந்துதான். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கரின் கால் விகிதம் பதினோராம் நூற்றாண்டு நார்மன் அரசிக்கு அப்படியே பொருந்தும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

இரண்டாவது வில்லியம். 178 செ.மீ. என்று நீங்கள் யாரும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டீர்கள். அவர் கல்லறையும் அதே 1562இல் சூறையாடப்பட்டது. மிஞ்சியது ஒரே ஒரு தொடையெலும்பு. அதை 1642இல் மறுபடி புதைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது கல்லறை மீண்டும் சிதைக்கப்பட்டது. இத்தனை கைகள் மாறிய ஒற்றை எலும்பை ஆதாரம் என்கிறோம். ஆனால் மாம்ஸ்பரி துறவி வில்லியம் எழுதிவைத்ததை ஏட்டுக் கதை என்று தள்ளுகிறோம். அளவான உயரம், பெருத்த உடல், கடுமையான முகம், முன்நெற்றி வழுக்கை, அவருடைய வில்லை வேறு யாராலும் வளைக்க முடியாத தோள்வலிமை என்று அவர் எழுதுகிறார். மனிதர் கண்முன் வந்து நிற்கிறாரா இல்லையா?

தடயம்:
வந்து நிற்கிறார் ஐயா. ஆனால் அந்தத் துறவி எழுதியது அரசர் இறந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. நேரில் பார்த்தவர் அல்லர்.

சூத்திரத்தைப் பற்றி நீங்கள் சொன்ன குறை உண்மை. நாங்களே பிழையளவோடுதான் சொல்கிறோம். அந்தப் பெண்களுக்கான கணக்கில் கூட்டியோ குறைத்தோ 3.72 செ.மீ. விகிதம் சற்று மாறினாலும் 152ஐ 127க்கு இறக்க முடியாது. எலும்பு தன் பிழையைத் தானே எண்ணிச் சொல்கிறது. ஏடு அதைச் சொல்லாது.

நேரில் பார்த்தவர்களின் கதையையும் பார்ப்போம். பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் அரண்மனையிலேயே வாழ்ந்தவர் ஐன்ஹார்ட். அரசரின் உயரம் அவருடைய பாதத்தைப் போல் ஏழு மடங்கு என்று எழுதினார். உங்கள் பாதத்தை அளந்து ஏழால் பெருக்குங்கள். உங்கள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் அப்படித்தான் வரும். அது உயரமே அல்ல, விகிதம். போதாததற்கு, அவர் ரோமப் பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸின் நடையைப் பார்த்து எழுதியவர். அரசர் எப்படி இருந்தார் என்பதைவிட ஓர் அரசரை எப்படி வருணிக்க வேண்டும் என்பதே அங்கே முதலில் நிற்கிறது.

ஏட்டுச்சுவடி:
ஐன்ஹார்டைப் பாதி படித்துவிட்டு நிறுத்திவிட்டீர்கள். நெடிய உருவம், ஆனால் அளவை மீறியதல்ல என்று தெளிவாக எழுதிவிட்டுத்தான் பாதக் கணக்குக்கு வருகிறார். கழுத்து தடித்துக் குட்டையாக இருந்தது, வயிறு சற்று முன்தள்ளியிருந்தது, அந்தப் பெரிய உடம்புக்கு ஏற்ற கனம் குரலில் இல்லை என்றும் அவரே சொல்கிறார். தன்னை வளர்த்த பேரரசரைப் புகழ எழுதியவர் இதையெல்லாம் ஏன் கற்பனை செய்ய வேண்டும்? புகழ்கிறவர் வாயிலிருந்து வரும் குறையைத்தான் நான் முதலில் நம்புவேன். ஆகன் தேவாலயத்தில் உள்ள அவருடைய எலும்புகளை ஆராய்ந்தவர்கள் 2010இல் தந்த கணிப்பு 184 செ.மீ. ஏடு சொன்னதற்குத்தான் எலும்பு கையெழுத்துப் போட்டது.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தக் குரலை எந்த எலும்பு சொல்லும்?

திண்ணைவாசி:
இருவரும் மன்னிக்க வேண்டும், இடையில் ஒரு சந்தேகம். சிங்க இதயன் முதலாம் ரிச்சர்ட் ஆறடி ஐந்து அங்குலம் என்று எங்கும் எழுதியிருக்கிறதே, அதை அளந்தவர் யார்?

தடயம்:
அளந்தவர் யாருமில்லை. அவர் உடலை ஃபோன்டெவ்ரோ மடத்தில் புதைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் அங்கிருந்த அரச எலும்புகள் சிதறின. ருவான் நகரில் தனியாகப் புதைத்த இதயம் மட்டும் பொடியாகக் கிடைத்தது. 2013இல் வெளியான ஆய்வு அந்தப் பொடியில் பாதரசம், புதினா, சாம்பிராணி என்று பதப்படுத்திய பொருள்களைக் கண்டது. இதயப் பொடியிலிருந்து உயரம் எடுக்க முடியாது.

ஏட்டுச்சுவடி:
இதில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். சிலுவைப் போர்க் குறிப்பு அவரை நெடியவர், சிவப்புக்கும் பொன்னிறத்துக்கும் இடைப்பட்ட முடி, நீண்ட கைகள் என்று சொல்கிறது. அங்குலக் கணக்கு ஏட்டில் இல்லை. பின்னால் வந்தவர்கள் ஒட்டியது அது.

ஆனால் முதலாம் எட்வர்டைப் பாருங்கள். உயிரோடு இருந்த காலத்திலேயே 'நெடுங்காலர்' என்று பெயர். 1307இல் இறந்தவரை 1774இல் வெஸ்ட்மின்ஸ்டரில் பெட்டியைத் திறந்து அளந்தார்கள். ஆறடி இரண்டு அங்குலம். பட்டப்பெயர் பொய் சொல்லவில்லை. சிறுவயதில் வெள்ளிபோல் வெளுத்த முடி வளர்ந்தபின் கறுத்து முதுமையில் அன்னம்போல் வெளுத்தது, ஓர் இமை சற்றுத் தொங்கியிருந்தது, பேச்சில் சிறு மழலை இருந்தது என்றெல்லாம் அக்காலக் குறிப்பு சொல்கிறது. தொங்கிய இமையை நீங்கள் எந்த ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிப்பீர்கள்?

தடயம்:
இமையை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் பெட்டிக்குள் படுத்த நிலையில் அளந்ததை நின்ற உயரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தசைநார் அழுகி மூட்டுகள் விலகினால் எலும்புக்கூட்டின் நீளம் கூடும். முதலாம் எட்வர்டின் உடல் நன்றாகவே இருந்தது என்பதால் அங்கே இந்தப் பிழை குறைவு. 1789இல் வின்ட்சரில் நான்காம் எட்வர்டின் எலும்புக்கூட்டை ஆறடி மூன்றரை அங்குலம் என்று அளந்தார்கள். அதைச் சற்றுக் குறைத்துத்தான் படிக்க வேண்டும். 1797இல் வூஸ்டரில் ஐந்தடி ஆறரை அங்குலம் என்று அளந்த ஜான் மன்னருக்கும் அதே எச்சரிக்கை. பார்த்தீர்களா, நான் எலும்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை.

நான் கோபப்படுவது மூன்றாம் ரிச்சர்டின் கதையில். ஜான் ரௌஸ் என்ற பாதிரியார் அவர் ஆட்சியில் அவரைப் புகழ்ந்து எழுதினார். 1485இல் ரிச்சர்ட் போரில் விழுந்து, அவரை வென்ற டியூடர் வம்சத்தார் ஆட்சிக்கு வந்ததும் அதே மனிதர், தாய் வயிற்றில் இரண்டு ஆண்டுகள் இருந்து பல்லோடும் தோள்வரை முடியோடும் பிறந்தவன் என்று எழுதினார். டியூடர் காலத்தில் ரிச்சர்டின் வரலாற்றை எழுதிய தாமஸ் மோர் சூம்பிய கையைச் சேர்த்தார். வின்ட்சரில் உள்ள ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்தபோது தோளை உயர்த்திக் காட்டப் பின்னால் பூசிய வண்ணம் தெரிந்தது. ஓர் உடம்பை ஏடும் தூரிகையும் சேர்ந்து கொலை செய்தன. 2012இல் லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்தின் அடியில் எலும்புக்கூடு கிடைத்த பிறகுதான் அவருக்கு நீதி கிடைத்தது. கூன் இல்லை. சூம்பிய கை இல்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, அவ்வளவே. வளைவு இல்லாவிட்டால் 173 செ.மீ. நின்றிருப்பார். மரபணு ஆய்வு நீலக் கண்ணுக்கு 96 சதவீத வாய்ப்பு என்கிறது.

ஏட்டுச்சுவடி:
நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் மறுக்கவில்லை. ஆனால் ரௌஸ் எழுதிய அடுத்த வரியை விட்டுவிட்டீர்கள். குறுகிய உருவம், தோள்கள் ஏற்றத்தாழ்வானவை, வலது உயர்ந்தும் இடது தாழ்ந்தும் இருந்தன என்கிறார். லெஸ்டர் எலும்பு எந்தத் தோள் உயர்ந்திருக்கும் என்று சொன்னது? வலது. ரிச்சர்ட் இறக்கும்போது சிறுவனாக இருந்த மோர், இடது தோள் உயர்ந்தது என்று தவறாக எழுதினார். கண்ணால் பார்த்த காலத்தவர் சரியாகச் சொன்னார். கேட்டு எழுதியவர் மாற்றிச் சொன்னார். கருவறைக் கதையில் பொய் சொன்ன அதே பேனா தோளில் உண்மை சொல்லியிருக்கிறது. ஏட்டை வரி வரியாகச் சலிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டக் கூடாது.

1484இல் ரிச்சர்டைச் சந்தித்த வெளிநாட்டுப் பயணி நிக்லாஸ் ஃபான் போப்பெலௌ, அரசர் என்னைவிட மூன்று விரற்கடை உயரம், ஆனால் என்னைவிட மெலிந்தவர், கைகால்கள் மிக நுண்மையானவை என்று எழுதினார். எனக்கு இந்த வாக்கியத்தின்மேல் தனிப் பிரியம். புகழவில்லை, இகழவில்லை. தன் உடம்பையே அளவுகோலாக்கி எதிரே நின்ற மனிதரை அளக்கிறார். லெஸ்டரில் தோண்டியவர்களும் மென்மையான உடற்கட்டு என்றுதானே சொன்னார்கள்?

தடயம்:
சொன்னார்கள். வலது தோள் விஷயத்தில் நான் ரௌஸுக்குக் கடன்பட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்னது சரி என்று இன்று நமக்குத் தெரிவதே எலும்பு கிடைத்ததால்தான். 2012க்கு முன் ரௌஸையும் மோரையும் வைத்துக்கொண்டு எது வலது, எது இடது என்று எப்படித் தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள்?

ஏட்டுச்சுவடி:
மோர் அன்று சிறுவன், ரௌஸ் அன்று பெரியவர் என்பதை வைத்தே சொல்லியிருப்பேன். யார், எப்போது, எவ்வளவு அருகில் நின்று பார்த்தார் என்று கேட்பதுதான் எங்கள் அளவுகோல்.

பழையகோட்டை:
உங்கள் இருவர் பதிவுகளையும் நேற்றிரவு மகளுக்குப் படித்துக் காட்டினேன். படத்தை அழித்துவிட்டு அரசியை 152இல் வரைந்துவிட்டாள். இப்போது அவர் தலை அரசரின் தோளுக்கு மேலே வருகிறது. வில்லியமின் 178க்குப் பக்கத்தில் ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதற்காக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். தடயம் அவர்கள் சொன்ன ஸ்கேலையும் எடுத்தாள். பதினொரு வயது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து இடுப்பிலிருந்து முழங்கால் வரை வைத்துப் பார்த்தாள். ஸ்கேல் போதவில்லை. "அப்பா, நானே அந்த அரசியைவிட உயரமா?" என்று கேட்டாள்.

தடயம்:
அந்தக் கேள்விக்குறியை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.