புதுப்பிப்பு: மூன்று மாணவர்களுக்குச் செல்லோ இசைத்தாள் தேர்ந்தெடுத்தது

என்னிடம் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வில் வாத்தியம்) கற்கும், வெவ்வேறு தேர்ச்சியுள்ள மூன்று மாணவர்களுக்கு எந்த இசைத்தாள்களை வாங்கலாம் என்று இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

அட்டையில் அச்சிட்ட தரநிலையை நம்பாமல், இடக்கை விரல்களை அகட்ட வேண்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன யோசனையே பலன் தந்தது. தொடக்க மாணவிக்கு, முதல் கைநிலையில் (தொடக்கத்தில் கற்கும் இடக்கை நிலை) விரல்களை அகட்டாமலே வாசிக்கக்கூடிய, டி மேஜர் என்ற சுரவரிசையில் அமைந்த மெட்டுகளை மட்டும் கொடுத்தேன். ஏ தந்தியில் பி ஃபிளாட், டி தந்தியில் ஜி ஷார்ப் ஆகிய சுரங்களுக்கு அந்த நிலையில் விரலை அகட்ட வேண்டும் என்பதால், அவை வரும் தாள்களை, பார்வைக்கு மிக எளிதாகத் தோன்றியபோதிலும், ஒதுக்கிவைத்தேன். அவளுடைய கை இறுக்கம் கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

இடைநிலை மாணவருக்கு, படிப்படியாகக் கடினமாகும் இசையமைப்பாளர் ஓஃபன்பாக்கின், இருவர் சேர்ந்து வாசிக்கும் செல்லோ இசைத்தொகுதிகளை (ஓபஸ், அதாவது படைப்பு எண், 49 முதல் 54 வரை) பரிந்துரைத்தவர் சொன்னது சரிதான். நானும் உடன் வாசிப்பதால் அவருடைய சுருதி சீர்பட்டது.

எதிர்பாராத சிக்கல் மூத்த மாணவரிடம் வந்தது. இசையமைப்பாளர் பாக்கின் ஜி மேஜர் சூட்டில் (தனிச் செல்லோவுக்கான நடன இசைத்தொகுப்பு) மாணவரின் தாளிலும் என்னுடையதிலும் வில்லிணைப்புக் கோடுகள் (எந்தச் சுரங்களை ஒரே வில் இழுப்பில் வாசிப்பது என்று காட்டுபவை) வேறுபட்டன. பாக் கைப்பட எழுதிய பிரதி கிடைக்காததால், அவருடைய மனைவி அன்னா மக்தலேனா எழுதிய நகல் முதலியவற்றை ஒப்பிட்டே ஒவ்வொரு பதிப்பாசிரியரும் முடிவெடுக்கிறார். இருவரும் ஒரே பதிப்புக்கு மாறிய பிறகுதான் பாடம் நகர்ந்தது.