18 பீரங்கி பிரிக்: குரூசர் வகையைக் குறை சொல்வது நியாயமா?

பாய்மரக்காரன்:
நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படை என்றாலே எல்லோரும் நெல்சனின் பெரிய கப்பலான விக்டரியிடம் போய் நின்றுவிடுகிறார்கள். அன்றாடம் கடலில் அலைந்து வேலை பார்த்ததோ சின்னக் கப்பல்கள். அவற்றில் என் ஓட்டு குரூசர் வகைக்கு.

1796இல் வில்லியம் ரூல் வரைந்தது. முதல் கப்பல் 1797இல் இப்ஸ்விச்சில் நீரில் இறங்கியது. இரண்டே பாய்மரம் (அதுதான் 'பிரிக்'), நூறடி நீளத் தளம், 121 ஆட்கள். 32 பவுண்டு குண்டைச் சுடும் குட்டைப் பீரங்கியான கரோனேட் பதினாறு, முன்பக்கம் 6 பவுண்டு நீளப் பீரங்கி இரண்டு. ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து சுட்டால் 262 பவுண்டு இரும்பு பறக்கும். இதைவிடப் பெரிய போர்க்கப்பலான 36 பீரங்கி ஃப்ரிகேட் ஒன்றின் முதன்மைத் தளத்தில் ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று 18 பவுண்டர்கள். கூட்டினால் 234தான் வரும். பாதி ஆட்களை வைத்துக்கொண்டு இந்த அடி! நூற்றுக்கும் மேல் கட்டினார்கள் என்றால் சும்மாவா?

கணக்குப்பிள்ளை:
கூட்டல் சரி சார். ஆனால் அந்த 262 பவுண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை எழுதவில்லையே. கரோனேட் குட்டைப் பீரங்கி. 32 பவுண்டு கரோனேட்டின் எடை ஒரு டன்னைத் தொடாது. அதே குண்டைச் சுடும் நீளப் பீரங்கி ஏறக்குறைய மூன்று டன். அந்த எடைக் குறைவுக்கு விலையாகக் கொடுத்தது தூரத்தை. எதிரி விலகி நின்று நீளப் பீரங்கியால் அடித்தால், உங்கள் பிரிக்கிடம் பதிலுக்கு இரண்டு 6 பவுண்டர்தான்.

அப்புறம் 1812இல் தொடங்கிய பிரிட்டிஷ்-அமெரிக்கப் போர்க் கணக்கு. 1812இல் ஃப்ராலிக், 1813இல் பீகாக், 1814இல் எபர்வியே, ரெயின்டீர், ஏவன், 1815இல் பெங்குவின். ஆறும் குரூசர் வகை, ஆறும் ஸ்லூப் எனப்படும் அமெரிக்கச் சிறு போர்க்கப்பல்களிடம் தோற்றவை. எதிர்ப்பக்கம் எழுத ஒன்றே ஒன்று: 1813 ஆகஸ்டில் அமெரிக்க ஆர்கஸைப் பிடித்த பெலிக்கன், அதுவும் குரூசர் வகை.

பாய்மரக்காரன்:
ஆறையும் ஒரே தட்டில் போடக் கூடாது. புயலில் பெரிய பாயின் குறுக்குமரம் முறிந்த நிலையில்தான் ஃப்ராலிக் சண்டைக்கு வந்தது. பீகாக்கில் 32 பவுண்டர்களுக்குப் பதில் 24 பவுண்டு கரோனேட்கள் இருந்தன, அதை வென்ற அமெரிக்க ஹார்னெட்டில் 32. ரெயின்டீரிலும் 24தான். ஆயுதத்தைக் குறைத்து அனுப்பிவிட்டுக் கப்பலின் வரைபடத்தைத் திட்டலாமா?

மேகலா:
கப்பலை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள். பளபளப்பு பார்த்தே பீகாக்குக்கு 'யாட்' (உல்லாசப் படகு) என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். சண்டை என்று வந்தபோது கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கேப்டன் வில்லியம் பீக் செத்தார், கப்பல் மூழ்கியது.

எபர்வியே கதை அதைவிட மோசம். கரோனேட்களைக் கப்பலோடு பிணைத்திருந்த போல்ட்கள் சுடச் சுடப் பிடுங்கிக்கொண்டன. அதன் உடலில் 45 குண்டுகள் பாய்ந்தன; எதிரே நின்ற அமெரிக்க பீகாக்கில் காயம்பட்டவர்கள் இரண்டே பேர். (ஆமாம், ஹார்னெட் மூழ்கடித்த பீகாக்கின் பெயரையே அமெரிக்கர்கள் தங்கள் புதுக் கப்பலுக்கு வைத்தார்கள். குசும்பு!) ஒழுங்காகச் சுடும் பயிற்சி நடந்திருந்தால் அந்த போல்ட்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய வாரமே பல்லிளித்திருக்கும். இதற்கு வில்லியம் ரூல் என்ன செய்வார்?

தென்றல்சிவா:
பாய்மரத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. என்னைக் கேட்டால் கோளாறே அங்கேதான்.

இரண்டு மரக் கப்பலில் பின்பாய் (பின்மரத்தில் நீளவாக்கில் கட்டும் பாய்) போனால் திசையைப் பிடித்து வைக்க வேறு வழி இல்லை. ஃப்ராலிக்கில் பின்மரத்தின் பெரிய பாய் ஏற்கெனவே இல்லை. சண்டையில் அதே மரத்தின் பின்பாயும் கைவிட்டுப் போக, கப்பல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எதிரே நின்ற அமெரிக்க வாஸ்ப் மூன்று மரக் கப்பல். அதற்கும் நடுமரத்தின் மேல்பகுதி விழுந்தது, மூன்றாவது மரத்திலும் சேதம். ஆனாலும் கட்டுப்பாடு போகவில்லை; ஃப்ராலிக்கின் முன்னால் குறுக்கே வந்து நின்று சுட்டது. எபர்வியேயிலும் பின்பாயின் அடிமரம் அடிபட்டு விழுந்த பிறகு கதை முடிந்தது.

மேகலா, கணக்குப்பிள்ளை சொன்ன பெலிக்கன் வென்றதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆர்கஸும் இரண்டு மரம்தானே! அதன் கயிறுகளும் பின்பாயும் ஆரம்பத்திலேயே அறுந்தன, பெலிக்கன் பின்னால் சுற்றி வந்து அடித்தது.

ரூலே இதே உடலுக்கு மூன்று மரம் வைத்து ஸ்னேக் என்ற கப்பலை வரைந்தார். கடற்படை அதை ஒதுக்கிவிட்டு இரண்டு மரத்தைப் பிடித்துக்கொண்டது.

பாய்மரக்காரன்:
ஒதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது சிவா. மூன்றாவது மரம் என்றால் கூடுதல் பாய், கூடுதல் கயிறு, அதை இழுக்கக் கூடுதல் ஆட்கள். தெருவில் போகிறவனைக்கூடக் கட்டாயமாகப் பிடித்துக் கப்பலேற்றிய காலம் அது. நூறு கப்பலுக்குப் பத்துப் பத்துப் பேர் அதிகம் என்றாலே ஆயிரம் மாலுமி. எங்கே போவார்கள்? இந்தக் கப்பலுக்கு நாள்தோறும் இருந்த வேலை வணிகக் கப்பல் கூட்டத்துக்குக் காவல், செய்தி கொண்டு போவது, பிரெஞ்சுத் தனியார் கொள்ளைக் கப்பல்களைத் துரத்துவது. சம பலமுள்ள கப்பலோடு ஒண்டிக்கு ஒண்டி நிற்பது எப்போதாவது. அந்த 'எப்போதாவது'க்காக எல்லாவற்றையும் பெரிதாகக் கட்டு என்றால், காவலில்லாமல் எத்தனை சரக்குக் கப்பல் போயிருக்கும்?

கணக்குப்பிள்ளை:
1797இல் அந்த முடிவு சரிதான், மறுக்கவில்லை. என் சண்டை 1813ஐப் பற்றி. அமெரிக்கர்கள் அந்த வருடம் புது பீகாக்கையும் புது வாஸ்ப்பையும் இறக்கினார்கள். 509 டன், 32 பவுண்டு கரோனேட் இருபது, 12 பவுண்டர் இரண்டு. குரூசர் வகை 382 டன். ரெயின்டீர் 118 பேரோடு போய் 173 பேர் இருந்த வாஸ்ப்பிடம் நின்றது. கேப்டன் மேனர்ஸ் உயிரைக் கொடுத்தார். ஆட்கள் கோழைகள் என்று யாரும் சொல்ல முடியாது. மேகலாவின் பயிற்சிக் கணக்கு இங்கே செல்லாது.

மேகலா:
செல்லும். வாஸ்ப் பெரிது, சரி, ரெயின்டீரை விட்டுவிடுகிறேன். பெங்குவினைச் சொல்லுங்கள். தென் அட்லாண்டிக்கில் ட்ரிஸ்டன் டா குன்யா தீவு பக்கத்தில் அதைப் பிடித்தது பழைய ஹார்னெட், 509 டன் புதுக் கப்பல் இல்லை. பெங்குவினில் இருந்தது 24ம் இல்லை, முழு 32 பவுண்டர்கள். இருபது நிமிடம் போலச் சுட்டும் ஹார்னெட்டின் உடலில் உருப்படியாக ஒரு குண்டு இறங்கவில்லை. இதற்கு எந்தப் பாய்மரத்தைக் குற்றம் சொல்வது, சிவா?

தென்றல்சிவா:
பெங்குவின் ஹார்னெட் மேலேயே போய் மோதி, முன்மரம் சாய்ந்து, ஒரு பக்கத்துப் பீரங்கிகளை அடைத்துக்கொண்டு விழுந்தது. மூன்று மரம் இருந்திருந்தால் மிச்சம் இரண்டு நின்றிருக்கும். குறி தவறியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது உங்கள் பங்கு.