மூணு மணிக்குப் பழுப்பு, விடியற்காலையில் வெள்ளை

பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துப் போனால் குப்பை பொறுக்குவதைத் தவிர வேறு என்ன செய்ய வைக்கலாம் என்று ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். கோவை சிங்காநல்லூர் குளத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்தோம். முதல் தடவையே மீட்டரைக் கையில் கொடுக்காதீர்கள் என்பேன். எண் வரும், எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி. கரைந்த ஆக்சிஜனை ரசாயனங்கள் விட்டு அளக்கும் விங்க்ளர் முறை 1888-லிருந்து இருக்கிறது. அதில் எல்லாம் கண்ணெதிரே நடக்கும். பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒரு குமிழ்கூட இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். இதற்கே பிள்ளைகள் போட்டி போடுவார்கள். மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டதும் உள்ளே மேகம் போல ஒரு படிவு இறங்கும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு, இல்லையென்றால் வெள்ளை. அமிலம் விட்டால் படிவு கரைந்து மஞ்சளாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளுத்ததும் ஸ்டார்ச் சேர்த்தால் நீலம். இன்னும் சில சொட்டில் அந்த நீலம் சட்டென்று மறையும். தயோசல்பேட் எவ்வளவு செலவானது என்பதை வைத்துத்தான் கணக்கு: அதிகம் செலவானால் ஆக்சிஜன் அதிகம். அமிலத்தைப் பெரியவர்கள்தான் விட வேண்டும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மிச்சத்தைக் குளத்தில் ஊற்றாமல் ஆய்வகத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

முதலில் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்தோம். தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருந்தது, படிவு நல்ல பழுப்பு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு வந்தது அதற்கும் மேல். "அப்ப குளம் நல்லாத்தானே சார் இருக்கு?" என்றான் ஒரு பையன். நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் வெளிச்சம் வருமுன்னே அதே இடத்தில் எடுத்தோம். படிவு வெள்ளையாகவே இறங்கியது, பழுப்பு லேசாகத்தான் தெரிந்தது. பையன் பாட்டிலை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பரிசலைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர், "இந்த நேரத்துக்கு மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்துட்டு நிக்கும் கண்ணு. முந்தின நாள் மப்பு போட்டிருந்தா இன்னும் மோசம்" என்றார்.

காரணத்தை ஒரு பெண்ணே சொல்லிவிட்டாள். பகலில் பாசி ஆக்சிஜன் விடுகிறது. ராத்திரி பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து அதையே எடுத்துக்கொள்கின்றன. வெயில் இல்லாத நாளில் சேமிப்பே இருக்காது. பாசிக்குத் தீனி கழிவுநீர். கரைச் சேற்றை வலையில் அள்ளியபோது ரத்தச் சிவப்பாகப் புழுக்கள் நெளிந்தன. உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை தாக்குப்பிடிக்கும்.

ஏரியில் மீன் செத்து மிதந்தால் யாரோ விஷம் கலந்துவிட்டதாகத்தான் முதலில் பேச்சு கிளம்பும். இந்தப் பிள்ளைகள் இப்போது, "எத்தனை மணிக்குச் செத்தது, நேத்து வெயில் அடிச்சதா?" என்று கேட்கிறார்கள். அதனால் அளவோடு நேரத்தையும் வானத்தின் நிலையையும் எழுத வையுங்கள். மதியம் மட்டும் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

ஊட்டி, ஏற்காடு பக்கம் யாராவது இப்படி இரண்டு வேளையும் எடுத்திருக்கிறீர்களா? தண்ணீர் குளிரக் குளிர ஆக்சிஜன் அதிகம் தங்கும், கடல் மட்டத்தில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று எங்கள் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.