மறு: ‘மெய்யறிவு’ வேண்டாம், ‘அறிந்தநிலை’ வைப்போம் – ஐரோப்பிய இணையச் சேவைச் சட்டச் சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்துக்கான சொற்பட்டியலைப் படித்தேன். உழைப்பு பெரிது. ஆனால் ‘ஆக்சுவல் நாலெட்ஜ்’ (ஒன்று உண்மையிலேயே தெரிந்திருப்பது) என்பதற்கு ‘மெய்யறிவு’ என்று இட்டிருப்பதை அருள்கூர்ந்து மாற்ற வேண்டும். மெய்யறிவு என்றால் ஞானம், தத்துவம் என்றே நம் வாசகருக்குப் பொருள்படும். “அந்த நிறுவனத்துக்கு மெய்யறிவு இல்லாததால் நீதிமன்றம் அதை விடுவித்தது” என்று நாளை ஒரு செய்தி வந்தால் யாருக்கும் எதுவும் விளங்காது.

இச்சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டின் மின்வணிக நெறியாணை தொடங்கி 2022இன் டிஜிட்டல் சேவைகள் சட்டம் வரை, பிறர் எழுதியதைச் சேமித்து வைக்கும் நிறுவனம் எப்போது பொறுப்பாகும் என்ற கேள்வி இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நிற்கிறது. சட்டவிரோதமான ஒன்று தன்னிடம் இருப்பது நிறுவனத்துக்குத் தெரியாதவரை பொறுப்பு இல்லை. தெரிந்தபின் விரைந்து நீக்கினாலும் இல்லை. தெரிந்தும் சும்மா இருந்தால் அந்த விலக்கு போய்விடும். பழைய ஆணையில் 14ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 6ஆம் பிரிவு. சாரம் ஏறக்குறைய மாறவே இல்லை.

> வெறுமனே ‘அறிவு’ என்று வைத்தால் போதாதா? எதற்கு வீணாக ஒரு புதுச் சொல்?

போதாது, ஐயா. 6ஆம் பிரிவு இரண்டு படிநிலைகளைப் பேசுகிறது. குறிப்பிட்ட உள்ளடக்கம் சட்டவிரோதமானது என்று நிறுவனத்துக்கு உண்மையிலேயே தெரிந்திருப்பது முதல் படி. இழப்பீட்டு வழக்குகளுக்கு மட்டும் இன்னொரு படி உண்டு: சட்டவிரோதம் வெளிப்படையாகத் தெரியும்படியான விவரங்களும் சூழ்நிலைகளும் நிறுவனத்தின் கண்ணில் பட்டிருந்தாலே போதும். ‘அறிவு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டையும் அடைத்தால் சட்டத்தின் பாதி கரைந்துவிடும்.

என் முன்மொழிவு: முதலாவதற்கு ‘அறிந்தநிலை’, இரண்டாவதற்கு ‘அறியத்தகுநிலை’.

‘அறிந்தநிலை’ என்ற சொல்லில் இறந்தகாலம் இருக்கிறது. அதனாலேயே இது எனக்குப் பிடிக்கிறது. ஒரு நாளில், ஒரு மணியில், ஒரு தகவல் வந்து சேர்ந்தது என்பதை அது சொல்கிறது. வழக்கில் வாதம் நடப்பதும் அந்த நேரத்தைப் பற்றித்தான். தளத்தில் எங்கோ போலிப் பொருள்கள் விற்கப்படுகின்றன என்று பொதுப்படையாகத் தெரிந்திருப்பது இதில் சேராது. தேடித் துருவிக் கண்காணிக்கும் பொதுக்கடமை எதையும் நிறுவனத்தின் மேல் சுமத்தக் கூடாது என்று 8ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே ‘அறிதல்’ என்ற தொழிற்பெயரைவிட, எய்திவிட்ட ஒரு நிலையைக் குறிக்கும் சொல்லே பொருந்தும்.

அந்த நிலை எப்படி வருகிறது என்பதை 16ஆம் பிரிவில் பாருங்கள். யார் வேண்டுமானாலும் முறையீடு அனுப்பலாம். ஏன் சட்டவிரோதம் என்ற விளக்கம், அது இருக்கும் துல்லியமான இணைய முகவரி, அனுப்புபவரின் பெயரும் மின்னஞ்சலும், நல்லெண்ணத்துடன் சொல்வதாக ஓர் உறுதிமொழி – இவற்றோடு முறையீட்டை அனுப்ப நிறுவனம் வழிசெய்து தர வேண்டும். சிறார் மீதான பாலியல் குற்றங்கள் குறித்த முறையீட்டுக்குப் பெயர் தேவையில்லை. கவனமுள்ள ஒரு நிறுவனம் விரிவான சட்ட ஆய்வு இல்லாமலே ‘இது சட்டவிரோதம்’ என்று கண்டுகொள்ளும்படி முறையீடு அமைந்திருந்தால், அறிந்தநிலை வந்துவிட்டதாகக் கொள்ளப்படும். மொட்டைக் கடிதம்போல் “உங்கள் தளத்தில் அவதூறு இருக்கிறது, நீக்குங்கள்” என்று எழுதினால் வராது. 2011இல் லோரியால் என்ற அழகுப்பொருள் நிறுவனம் ஈபே என்ற இணையச் சந்தைமீது தொடுத்த வழக்கிலேயே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், துல்லியமற்ற, போதிய ஆதாரமற்ற முறையீடு தானாகவே விலக்கைப் பறித்துவிடாது என்று சொல்லியிருந்தது.

> இரண்டாவதற்குக் ‘குறிப்பறிநிலை’ என்று வைக்கலாமே? அழகான தமிழ்.

அழகுதான், அம்மா, மறுக்கவில்லை. ஆனால் குறிப்பறிதல் என்பது ஒருவர் வாய்விட்டுச் சொல்லாததை முகம் பார்த்து உணர்வது. சட்டம் அந்த நுண்ணுணர்வைக் கேட்கவில்லை. கவனமாகத் தொழில் செய்யும் எவருக்கும் கண்முன் தெரிந்திருக்க வேண்டியது இந்த நிறுவனத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றே கேட்கிறது. அதனால்தான் ‘தகு’ என்ற சொல்லை நடுவே வைத்தேன்.

> அறிந்தநிலை என்றாலே பொறுப்பு வந்துவிடும், அறியாவிட்டால் வராது என்று எளிமையாக விளக்கிவிடலாமா?

விளக்கக் குறிப்பில் அப்படி எழுத வேண்டாம். எஸ்தோனியாவின் டெல்ஃபி வழக்கு நினைவிருக்கட்டும். 2006 ஜனவரியில் அந்தச் செய்தித் தளம், ஒரு படகுப் போக்குவரத்து நிறுவனம் உறைந்த கடல்மேல் அமையவிருந்த பனிச்சாலைகளைக் குலைத்ததாகச் செய்தி வெளியிட்டது. வந்த பின்னூட்டங்கள் 185. அவற்றில் ஏறத்தாழ 20, அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரை மிரட்டியும் இழிவாகவும் எழுதப்பட்டவை. ஆறு வாரம் கழித்து அவர் தரப்பு நீக்கச் சொன்னது, அன்றே நீக்கப்பட்டன. ஆனாலும் எஸ்தோனிய நீதிமன்றங்கள் டெல்ஃபியைச் சேமித்து வைக்கும் நிறுவனமாகப் பார்க்காமல் வெளியீட்டாளராகவே பார்த்தன. 5,000 குரோன், அதாவது சுமார் 320 யூரோ, இழப்பீடு விதித்தன. 2015இல் ஸ்ட்ராஸ்பூரில் உள்ள மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வும் இதில் கருத்துச் சுதந்திர மீறல் இல்லை என்றது. சேமிப்பவர் என்ற தகுதி இருந்தால்தான் அறிந்தநிலை என்ற கேள்வியே எழும். அந்தப் பிரிப்பைக் குறிப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தியச் சட்டம் எழுதுவோரும் இச்சொல்லைக் கையாளத்தான் போகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவிலும் இதே ஆங்கிலத் தொடர் இருக்கிறது. ஆனால் 2015இல் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் அந்த அறிவு வந்ததாகும் என்று சுருக்கிவிட்டது. ஐரோப்பாவில் ஒரு தனிமனிதரின் தெளிவான முறையீடே போதும். சொல் ஒன்றாக இருக்கலாம். விளக்கம் இரு நாடுகளுக்கும் தனித்தனியே வேண்டும்.

பட்டியலில் இன்னொரு திருத்தம். விலக்கு என்ற பொருளில் ‘பொறுப்புத் துறப்பு’ என்று ஓரிடத்தில் இருக்கிறது. அது வலைத்தளங்களின் அடியில் “இங்குள்ள கருத்துகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று தாங்களே எழுதிக்கொள்வதற்குப் பழகிவிட்ட சொல். இங்கே விலக்கை அளிப்பது சட்டம், அதுவும் நிபந்தனையோடு. வரிவிலக்கு என்பதைப் போல ‘பொறுப்புவிலக்கு’ என்றே வைத்துவிடலாம். ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்பது ஆங்கில உருவகத்தின் நகல். ஐரோப்பியச் சட்டவாசகம் அப்படிச் சொல்வதும் இல்லை. அதை நீக்கிவிடுங்கள்.

மூன்று சொற்களையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்:

“சட்டவிரோத உள்ளடக்கம் குறித்து அறிந்தநிலை இல்லாதவரையிலும், இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பொறுத்தவரை அறியத்தகுநிலையும் இல்லாதவரையிலும், சேமித்து வைக்கும் நிறுவனத்துக்குப் பொறுப்புவிலக்கு உண்டு, அந்நிலை எய்தியதும் விரைந்து நீக்கினால் அவ்விலக்கு நீடிக்கும்.”

வாய்விட்டுப் படித்தால் தடங்கல் இல்லை என்றே எனக்குப் படுகிறது. இதில் ‘விரைந்து’ என்பதைச் சிலர் ‘உடனடியாக’ என்று மாற்றச் சொல்லக்கூடும். வேண்டாம். ஜெர்மனியின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், வெளிப்படையான சட்டமீறல்களுக்கு 24 மணி நேரம் என்றது. பயங்கரவாத உள்ளடக்கம் பற்றிய 2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி, நீக்க ஆணை கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது. 6ஆம் பிரிவு மணிக்கணக்கு எதையும் சொல்லவில்லை, அந்த நெகிழ்வு மொழிபெயர்ப்பிலும் இருக்க வேண்டும்.

‘அறியத்தகுநிலை’ நீளமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் வேறு சொல் தந்தால் மகிழ்ச்சியுடன் ஏற்பேன். மாற்றுக் கருத்து இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், பட்டியலை இறுதி செய்வதற்குள் பேசி முடித்துவிடலாம்.

அன்புடன்