ஸ்பூனைச் செய்தேன், தட்டை மறந்தேன்

கை நடுங்குபவர்களுக்கும் பிடி தளர்ந்தவர்களுக்கும் ஸ்பூன், தட்டு செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

அப்பாவுக்குப் பார்கின்சன் நோய். பாதி சூப் சட்டையில்தான் இறங்கும். கனமான ஸ்பூன் நடுக்கத்தை அடக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, கைப்பிடிக்குள் இரும்புத் துண்டு அடைத்து ஒன்று செய்தேன். 220 கிராம். ஐந்து வாய் சாப்பிட்டார், ஆறாவதுக்குக் கை எழவில்லை. தோள் ஏற்கெனவே தளர்ந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. கனம் சிலருக்குக் கைகொடுக்கும், சிலரைக் களைக்க வைத்துவிடும்.

அப்புறம் ஒரு வாரம் எதையும் செய்யாமல், எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதை மட்டும் பார்த்தேன். (அவருக்கு வந்த கோபம் தனிக்கதை.) வாயருகேதான் சிக்கல் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், சண்டையே தட்டில்தான். உணவை ஸ்பூனில் ஏற்ற விளிம்பு வரை துரத்துவார். தட்டு நகரும். இன்னொரு கையால் பிடிப்பார், அந்தக் கையும் ஆடும். ஒரு பக்கச் சுவர் செங்குத்தாக உயர்ந்த கிண்ணம், அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, லேசான ஸ்பூனுக்கு நுரைக்குழாய் மாட்டித் தடித்த பிடி. பாதித் தொல்லை தீர்ந்தது. நடுக்கத்தை உணர்ந்து ஸ்பூனின் முனையை எதிர்த்திசையில் அசைக்கும் லிஃப்ட்வேர் போன்ற மோட்டார் கருவிகளும் இருக்கின்றன, அருமையான யோசனை. ஆனால் நகர்கிற தட்டை அவை பிடித்து நிறுத்தாதே!

*

உங்கள் கதையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலக்கை செயலிழந்துவிட்டது. வளைந்த கழுத்துள்ள ஸ்பூன் நல்லது என்றார்கள், வாங்கினோம். இடக்கையில் கொடுத்தால் முனை வாயை விட்டு விலகி வெளிப்பக்கம் பார்க்கிறது. அந்த வளைவு வலக்கைக்கானதாம். பெட்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு, கழுத்தை நாமே வேண்டிய பக்கம் வளைத்துக்கொள்ளும் வகை கிடைத்தது.

வெட்டுவதற்குப் பிறை வடிவக் கத்தி. முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரே கையால் அறுபடும். முதல் நாள் அதை எடுத்ததும் எங்கள் எல்லோரையும் அறையை விட்டு வெளியே போகச் சொன்னார்.

*

இன்னொரு வீட்டுக் கதை, எங்களுடையது. மாமியாருக்கு அல்சைமர். தட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுவார், பசியில்லை போல என்று எடுத்துவிடுவோம். வெள்ளைத் தட்டில் வெளிர் நிற உணவு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், பளிச்சென்ற சிவப்புத் தட்டும் குவளையும் கொடுத்தபோது அல்சைமர் நோயாளிகள் உட்கொண்ட உணவு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடியிருக்கின்றன. நாங்களும் சிவப்புக்கு மாறினோம், மிச்சம் குறைந்தது. பூப்போட்ட தட்டு மட்டும் வேண்டாம். பூவை ஸ்பூனால் எடுக்கப் பார்த்தார்.

*

முதலில் எழுதியவன்தான். நுரைப்பிடி தண்ணீர் குடித்து நாறத் தொடங்கியதால் சிலிக்கோனுக்கு மாற்றிவிட்டேன். அப்பாவுக்கு அதிலும் குறை: “குழந்தை ஸ்பூன் மாதிரி இருக்கு. எல்லோருக்கும் இதையே போடு, இல்லாவிட்டால் எனக்கு வேண்டாம்.” சரி என்று இன்னும் நான்கு செய்தேன். இப்போது வீட்டில் ஐந்து பேருக்கும் தடித்த பிடிதான்.